ராஜா ரசிகர்மாரே, அந்தத் தட்டு எங்க?

இளையராஜாவின்ர பின்னணி இசையைப் பற்றிக் கதைக்காத தமிழ்ப் பெடியன் ஒருத்தனைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். 'பிஜிஎம் எண்டால் ராஜாதான்' எண்ட வசனத்தைத் தேவாரம் மாதிரி மனப்பாடமாக வைச்சிருக்கிறம். சரி. அந்தப் பின்னணி இசை இருக்கிற ஒரு தட்டைக் காட்டுங்கோ பார்ப்பம். 1980களில் வந்த ஏதாவது ஒரு படத்தின்ர பின்னணி இசை மட்டும் இருக்கிற, அந்தக் காலத்தில கடையில காசு குடுத்து வாங்கின ஒரு எல்பி, ஒரு கசற். உங்களிட்ட இருக்கா? மாமாவிட்ட? ரொறன்ரோவில இருக்கிற சித்தப்பாவிட்ட? தேடிப் பார்த்திட்டு வாங்கோ, நான் இருக்கிறன். வெறுங்கையோடதான் வருவியள். நாங்கள் உலகத்திலேயே சிறந்தது எண்டு சத்தியம் பண்ணுற ஒரு இசையை அது வந்த காலத்தில் ஒருத்தரும் விற்கவும் இல்லை, ஒருத்தரும் கேட்கவும் இல்லை.

இப்ப இத்தாலியைப் பாருங்கோ. 1960களின் கடைசியிலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை அங்கே பேய்ப்படமும் கொலைப்படமும் மழைக்காலத்துப் புற்றீசல் மாதிரி வந்தன. அதில் 'ஜாலோ' என்று ஒரு வகை. அந்தச் சொல்லுக்கு மஞ்சள் என்று அர்த்தம். மஞ்சள் அட்டை போட்டு வந்த மலிவான துப்பறியும் நாவல்களால் வந்த பெயர். இந்தப் படங்களில் பாதி குப்பை. பார்த்திட்டுத்தான் சொல்லுறன்: கதை ஒட்டாது, நடிப்பு ஒட்டாது, பிறகு சேர்த்த குரல் வாயோட ஒட்டாது. ஆனால் அந்தக் குப்பைக்கும் எனியோ மொரிக்கோனே, புரூனோ நிக்கொலாய், ஸ்தெல்வியோ சிப்ரியானி, ரிஸ் ஓர்த்தொலானி எண்டு பெரிய கையள்தான் இசை போட்டிச்சினம். அந்த இசை தட்டாக வந்தது. படம் செத்துப்போனாலும் தட்டு உயிரோட இருந்தது.

1975 இல் தாரியோ அர்ஜெந்தோவின் 'ப்ரொஃபோந்தோ ரொஸ்ஸோ' வந்தது. முதலில் ஜோர்ஜியோ காஸ்லினி என்ற ஜாஸ் இசைக்கலைஞர்தான் இசை. இருவருக்கும் ஒத்துவராமல் போக, கோப்ளின் என்ற இளம் ரொக் குழு உள்ளே வந்து மிச்சத்தை முடித்தது. அந்தத் தட்டு இத்தாலியின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கே போனது. ஒரு கொலைப்படத்தின் பின்னணி இசை, காதல் பாட்டுகளைத் தள்ளிவிட்டு முதலிடம்! இரண்டு வருசத்தில் அதே கூட்டணி 'சுஸ்பீரியா' செய்தது. 1980 இல் வந்த 'கன்னிபல் ஹொலகோஸ்ற்' படத்தை இத்தாலிய நீதிமன்றமே பறிமுதல் செய்தது. அதுக்கு ஓர்த்தொலானி போட்ட முகப்பு இசையோ தாலாட்டு மாதிரி இருக்கும். இண்டைக்கு லண்டனில் டெத் வோல்ற்ஸ், அமெரிக்காவில் வக்ஸ்வேர்க் எண்டு இந்தப் பேய்ப்பட இசையை மீள அச்சடிக்கிறதுக்கெண்டே நிறுவனங்கள் இருக்கு. இரத்தச் சிவப்பில, இருட்டில மினுங்கிற பச்சையில தட்டு அடிச்சு விக்கிறாங்கள். சனம் வாங்குது.

இது இத்தாலியரின் ரசனை பெரிசு என்பதால் நடந்த காரியம் எண்டு நினைக்கவேண்டாம். எல்லாம் காசுக் கணக்கு. கோப்ளினின் தட்டை வெளியிட்ட சினெவொக்ஸ், பிக்ஸியோ எண்ட இசைப்பதிப்புக் குடும்பத்தின் நிறுவனம். பின்னணி இசை ஒரு தனிச் சொத்து, அது வானொலியில் போனால் காசு, தொலைக்காட்சியில் போனால் காசு, இன்னொரு படத்துக்கு வித்தால் காசு எண்டது அவையளுக்கு விளங்கியிருந்தது. சொத்து எண்டு விளங்கினபடியால் எழுதி வைச்சாங்கள், பெட்டியில பூட்டி வைச்சாங்கள். நாற்பது வருசம் கழிச்சு ஒருத்தன் வந்து கேட்டால் மூலநாடாவை எடுத்து நீட்ட முடிஞ்சது.

தமிழில் சொத்து எண்டால் பாட்டுதான். தட்டு நிறுவனங்கள் பாட்டைத்தான் வாங்கின. நாலு பாட்டு இருந்தால் ஒரு ஈபி, கொஞ்சம் கூட இருந்தால் எல்பி, பிறகு கசற். இலங்கை வானொலியின் வர்த்தக சேவைக்கும் பாட்டுத்தான் வேணும். நேயர் விருப்பம் எண்டு அஞ்சலட்டை எழுதினவையில் 'அந்தக் கதவு திறக்கேக்க வருகிற வயலினைப் போடுங்கோ' எண்டு எழுதினவர் ஆரும் இருப்பினம் எண்டு நான் நம்பேல்லை. எழுதியிருந்தாலும் போடத் தட்டு இல்லை.

ஒரே ஒரு விலக்கு இருந்தது, அதுவும் தற்செயல்: கதை வசனத் தட்டுகள். 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்', கசற் காலத்தில் 1984 இன் 'விதி'. கோயில் திருவிழாவில் லவுட்ஸ்பீக்கர் கட்டிப் போடுகிற அதே வசனக் கசற்றுகள்தான். வசனத்தை வித்த நிறுவனத்துக்கு அதன் அடியில் ஓடுகிற வயலினையும் மேளத்தையும் வெட்டி எடுக்க வழியில்லை. ஆகவே தமிழில் கடைக்கு வந்த பின்னணி இசையில் பெரும்பகுதி சிவாஜியின் குரலுக்குப் பின்னால ஒளிஞ்சுகொண்டுதான் வந்திருக்கு. இதைப் பெருமையாகச் சொல்லுறதா சிரிக்கிறதா எண்டு தெரியேல்லை.

இப்ப விசயத்துக்கு வாறன். 1977 இல் லூச்சியோ ஃபுல்ச்சி எண்ட இத்தாலிய இயக்குநர் 'செத்தே நோத்தே இன் நேரோ' எண்டொரு படம் எடுத்தார். தலைப்பைத் தமிழாக்கினால் 'கருமையில் ஏழு சுரங்கள்'. நடக்கப்போகிற கொலை முன்கூட்டியே மனக்கண்ணில் தெரிகிற ஒரு பெண்ணின் கதை. பிராங்கோ பிக்ஸியோ, ஃபாபியோ ஃப்ரிட்சி, வின்ஸ் தெம்பெரா எண்டு மூண்டு பேர் சேர்ந்து இசை. ஒரு கைக்கடிகாரத்தின் மணியோசைக்கு ஏழே ஏழு சுரத்தில் ஒரு மெட்டுப் போட்டிச்சினம். கதையின் முடிச்சே அந்த மணியோசையில்தான் தொங்கும். 2003 இல் குவென்ரின் ரரன்ரீனோ 'கில் பில்' முதற்பாகத்தில் அந்த மெட்டை எடுத்துப் போட, உலகம் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு.

அந்தக் கதைதான் 1984 இல் மணிவண்ணனின் 'நூறாவது நாள்' ஆகத் தமிழுக்கு வந்தது. நளினி, மோகன், விஜயகாந்த், மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாகச் சத்யராஜ். தமிழில் திகில் படம் எண்டால் முதல் அஞ்சுக்குள்ள சொல்லுற படம். இசை இளையராஜா. ஒரே கதை, இரண்டு நாடு, இரண்டு இசை. ஒப்பிட்டுக் கேட்க ஆசையா? ஃப்ரிட்சி ஆக்களின் இசையைத் தனி அல்பமாக, அமைதியாக, விளக்கை அணைச்சுப்போட்டு முழுசாகக் கேட்கலாம். ராஜாவின் இசையைக் கேட்க வேணுமெண்டால் யூரியூப்பில் படத்தைப் போட்டு, மூலையில் ஏதோ ஒரு ரீவியின்ர சின்னம் ஆட, நளினி கத்துறதுக்கும் கதவு அடிக்கிறதுக்கும் இடையில காதைத் தீட்டிக்கொண்டு இருக்கவேணும். படத்தைக் கடன் வாங்கேக்க அந்தத் தட்டையும் பார்த்து இப்பிடி ஒண்டு அச்சடிப்பம் எண்டு ஒருத்தருக்கும் தோன்றேல்லை.

இது ஒரு படத்தோட முடியிற துக்கமில்லை. எங்கட மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலுமகேந்திராவின் 'மூடுபனி' 1980 இல் வந்தது. ராஜாவுக்கு நூறாவது படம். 1978 இன் 'சிகப்பு ரோஜாக்கள்', 1981 இன் 'விடியும் வரை காத்திரு', 1985 இன் 'பிள்ளை நிலா', 1991 இன் 'உருவம்'. ராஜாவின் சாகசம் எல்லாம் காதல் படத்தில்தான் எண்டு நினைக்கிறவை இந்தப் படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருக்காக் கேட்டுப்பாருங்கோ. திகில் படத்தில் இசையமைப்பாளருக்கு ஒரு சுதந்திரம் இருக்கு. அங்கே தாளம் கலையலாம், சுரம் மோதலாம், ஒரே ஒரு தந்தியை அரை நிமிசம் இழுக்கலாம். காதல் காட்சியில் இதைச் செய்தால் தயாரிப்பாளர் வந்து நிப்பார். பேய்ப்படத்தில் செய்தால் 'ஆகா, பயமாயிருக்கு' எண்டு போயிடுவார். இத்தாலியரின்ர புதுமை முழுக்க இந்தச் சந்துக்குள்ளாலதான் வந்தது, ராஜாவின்ரயும் அப்பிடித்தான்.

இங்கிலாந்தில் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் எண்டொரு தட்டு நிறுவனம் இருக்கு. 1970இல் வந்த செக் கற்பனைத் திகில் படம் 'வலெரி'க்கு லூபோஷ் ஃபிஷெர் போட்ட இசை, போலந்துக்காரர் அந்திரே கோர்சின்ஸ்கி 1981 இன் 'பொசெஷன்' படத்துக்குப் போட்ட இசை, இதுகளை எல்லாம் தோண்டி எடுத்து வெளியிட்டவை அவையள்தான். அதே ஆக்கள் இளையராஜாவையும் கண்டுபிடிச்சு, 1977 தொடக்கம் 1983 வரையான காலத்திலிருந்து 'சொல்லச் சொல்ல' எண்டொரு தொகுப்புப் போட்டிச்சினம். எனக்குச் சந்தோசம்தான். ஆனால் உள்ளுக்குப் பாருங்கோ: செக் படத்துக்கும் போலந்துப் படத்துக்கும் பின்னணி இசை, தமிழுக்குப் பாட்டு. பின்னணி இசைக்கு உயிரைக் குடுக்கிற அந்தச் சேகரிப்பாளருக்கும் எங்களிட்டக் கிடைச்சது பாட்டுதான். வெளிநாட்டுக்காரன் வந்து எங்களைக் காப்பாத்துவான் எண்டு காத்திருக்கிறவைக்கு இதுதான் மறுமொழி. அச்சடிக்காததை அவனாலும் மீள அச்சடிக்கேலாது.

'பின்னணி இசை படத்தோட இருந்தால்தான் அழகு, தனியக் கேட்டால் என்ன இருக்கு?' எண்டு கேக்கிறவை இருக்கினம். பொதுவாக அவையளின்ர போனிலதான் 'மௌன ராகம்' பிஜிஎம் ரிங்ரோனாக அடிக்கும். அதோட, ராஜா 1986 இல் 'ஹவ் ரு நேம் இற்' போட்டார், 1988 இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்' போட்டார். பாட்டு இல்லை, படம் இல்லை, வெறும் வாத்தியம். அந்தக் கசற்றுகளைச் சனம் தேய்ஞ்சுபோகுமட்டும் கேட்டது. பாலுமகேந்திரா 'வீடு' படத்துக்கு அந்த முதல் அல்பத்தின் இசையையே எடுத்துப் பின்னணியாகப் போட்டார். தனியக் கேட்ட இசை படத்துக்குள்ள போகலாம் எண்டால், படத்துக்குள்ள இருக்கிற இசை தனிய வெளியில வாறதுக்கு என்ன தடை? கேக்கிற ஆளும் இருந்தது, இசையும் இருந்தது. நடுவில நிறுவனக்காரருக்கு மட்டும் கண் தெரியேல்லை.

மிஷ்கினுக்குத் தெரிஞ்சது. 2013 இன் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை. படத்தின் பெயர்ப் பட்டியலில் 'பின்னணி' எண்ட சொல்லையே தூக்கிப்போட்டு, முன்னணி இசை இளையராஜா எண்டு போட்டார். அந்த இசை ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைச்சு அல்பமாகவும் வந்தது. செய்யலாம் எண்டதுக்கு இதுக்கு மேல சாட்சி தேவையில்லை. ஆனால் அது 2013. 1978 இலிருந்து 2013 வரை எத்தனை நூறு படம், எத்தனை மணித்தியால இசை! அதின்ர மூலநாடாக்கள் இண்டைக்கு எந்த நிலையில எண்டு நினைச்சால் வயித்தைக் கலக்குது. பழைய அசிரேற் நாடா சூட்டிலயும் ஈரப்பதத்திலயும் புளிச்சுப்போகும். உண்மையிலேயே வினாகிரி மணம் வரும். எங்கட பக்கத்து வெக்கைக்கும் உப்புக்காத்துக்கும் அதுக்கு ஆயுள் கொஞ்சம்தான். உரிமை ஆருக்கு எண்டு கோட்டில வழக்கு நடக்கேக்க நாடா தீர்ப்புக்குப் பாத்துக்கொண்டு இருக்காது.

இனி உள்ளூர்க்காரருக்கு. 'போர் நடந்த மண், ஆயிரம் வேலை இருக்கு, பேய்ப்படத்து இசையைச் சேர்த்து என்ன செய்யப்போறியள் தம்பி?' எண்டு ஒரு கேள்வி எப்பவும் வரும். வயசுக்கு மரியாதை குடுத்துத்தான் மறுமொழி சொல்லுறன். ஐயா, பயத்தைக் காதால படிச்ச சனம் நாங்கள். சத்தத்தை வைச்சே அவ்ரோவா ஹெலியா எண்டு சின்னப்பிள்ளையள் சொன்ன ஊர் இது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து எங்கட கூரைக்கு மேல வந்து குண்டு போட்ட 'சியாமா செற்றி', எஸ்.எஃப் 260 எண்ட இத்தாலிய விமானம். சியாய் மார்க்கெத்தி எண்ட அந்த நிறுவனத்தின்ர பேரை எங்கட சனம் ஒரு செட்டியாரின்ர பேர் மாதிரி மாத்திவிட்டது. ஃப்ரிட்சியும் கோப்ளினும் வாசிச்சது எங்களை வந்து சேரேல்லை, அது வந்து சேர்ந்தது. சத்தத்துக்கும் பயத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய எங்களை விட உரிமை உள்ள ஆக்கள் ஆர்? தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் விண் பூட்டின பட்டம் ஏத்தினால் அது காத்தில கூவுற கூவலைக் கேட்டிருக்கிறியள்தானே. இராவில தனியப் படுத்திருந்து கேட்டால், 1970களின் எந்த இத்தாலிய சிந்தசைசருக்கும் அது குறைஞ்சதில்லை.

இன்னொண்டும் இருக்கு. வடமராட்சியிலிருந்து பார்த்தால் கடலுக்கு அங்கால வேதாரணியம், கோடியக்கரை. திருச்சி வானொலி இங்க பக்கத்து வீட்டு றேடியோ மாதிரிக் கேக்கும். அகில இந்திய வானொலி 'ஒலிச்சித்திரம்' எண்டு முழுப்படத்தைச் சுருக்கி ஒலியாகப் போடும். இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவின் 'திரைவிருந்து' படத் துண்டுகளை வெட்டி ஒட்டிப் போடும். அதுகளில வசனத்தோட பின்னணி இசையும் வந்தது. எங்கட அம்மா அப்பா தலைமுறையில் கனபேருக்குப் படம் எண்டது முதலில கேட்ட சாமான், பிறகுதான் பார்த்த சாமான். 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லை, பற்றறி தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில் றேடியோவும் கசற் றெக்கோடரும் பாட வைச்ச ஆக்கள். சுத்துறவன் களைச்சால் பாட்டும் களைக்கும். அப்பிடிக் கேட்டுப் பழகின காதுகள் இருக்கிற ஊரில 'பின்னணி இசையை ஆர் கேக்கப்போயினம்' எண்டு கேக்கிறது எனக்குக் கோவத்தைத்தான் வரப்பண்ணுது.

அந்தக் கசற்றுகளில் மிஞ்சினது கொஞ்சம் இன்னும் இருக்கு. றெக்கோடிங் பாரில் ஓடர் குடுத்து அடிப்பிச்சது, வானொலியிலிருந்து நேர பதிஞ்சது, வீடியோ டெக்கில் படம் ஓடேக்க வயர் குத்திப் பதிஞ்சது. 1987 இல் இடம்பெயர்ந்து, 1995 இல் வலிகாமத்துச் சனம் வந்து நிரம்பி, பிறகும் இடம்பெயர்ந்து, இவ்வளவுக்கும் தப்பின கசற்றுகள். அதுகளை இப்ப சமாதான காலத்தில, புது வீடு கட்டேக்க, வெளிநாட்டுக்குப் போகேக்க குப்பையோட போட்டுக் கொளுத்துறம். ஷெல்லுக்குத் தப்பினதை நாங்கள் எரிக்கிறம். 1981 இல் நூலகத்தை எரிச்சவங்களைப் பற்றி வருசா வருசம் எழுதுறம், எழுதத்தான் வேணும். ஆனால் எங்கட வளவுக்குள்ள எரியிறதையும் ஒருக்காத் திரும்பிப் பார்க்கலாம். அன்னபூரணிக் கப்பல் 1938 இல் அமெரிக்காவின்ர குளொஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்ததை மேடைக்கு மேடை சொல்லுற ஊர், தன்ர காதால கேட்டதை ஒரு பெட்டியில போட்டு வைக்கமாட்டன் எண்டுது.

எங்கட வயசுப் பெடி பெட்டையளுக்கும் ஒரு வார்த்தை. 'சுஸ்பீரியா' தட்டை மேசையில வைச்சுப் பக்கத்தில கோப்பிக் கோப்பையும் வைச்சு ரீல் போடுறியள். வடிவாயிருக்கு. வாங்க வேண்டாம் எண்டு சொல்லேல்லை, நானும் கேக்கிறன். ஆனால் கொழும்பில தபாலுக்கும் வரிக்குமாகக் குடுக்கிற காசில ஒரு நல்ல பழைய கசற் டெக்குக்குப் புது பெல்ற் போட்டு, ஒரு யூஎஸ்பி ஒலி அட்டையும் வாங்கலாம். அதோட, இத்தாலிய சேகரிப்பாளரிட்ட இருந்து நிறத்தட்டை மட்டும் படிக்காமல் வேலையையும் படிக்கலாம்: எந்த ஸ்ரூடியோ, எந்த வருசம், ஆர் வாசிச்சது, எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது எண்டு அவை தட்டு உறையில வரிக்கு வரி எழுதுவினம். எங்கட ராஜா பக்கங்களில் 'கூஸ்பம்ப்ஸ்' எண்டு பத்தாயிரம் தரம் எழுதியிருக்கு, 'நூறாவது நாளில்' வயலின் வாசிச்சது ஆர் எண்டு ஒருக்காலும் எழுதேல்லை.

யூரியூப்பில் ரசிகர்கள் வெட்டி ஏத்தின பிஜிஎம் துண்டுகளை நான் குறைச்சுச் சொல்லமாட்டன். இருக்கிற ஒரே ஆவணம் அதுதான். ஆனால் ஒரு உரிமைப் புகார் வந்தால் முழுச் சனலும் ஒரு இராவில போயிடும். அதையே நூலகம் எண்டு நம்புறது கடற்கரை மணலில வீடு கட்டுற வேலை. 2005 இல் ஆரம்பிச்ச நூலகம் நிறுவனம் ஈழத்துப் புத்தகத்தையும் பத்திரிகையையும் இருபது வருசமாக எண்ணிமமாக்குது, ஒலியும் சேர்க்குது. வழி தெரியாது எண்டு சாட்டுச் சொல்லேலாது.

எங்கட குழுவிட்ட இப்ப ஒரு டெக் ஓடுது. கசற்றைக் கழுவாதேங்கோ, வெயிலில காய வைக்காதேங்கோ, சுருள் இறுகியிருந்தால் பென்சில் விட்டு மெதுவாகச் சுத்துங்கோ, பழைய செற்றில போட்டுப் 'பாடுதா' எண்டு பார்க்காதேங்கோ, நாடாவைச் சாப்பிட்டிடும். நாங்கள் தலையைத் துடைச்சு, கோணம் சரிபார்த்து, 24 பிற், 96 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுத்துப்போட்டு உங்கட கசற்றை உங்களிட்டயே திருப்பித் தருவம். பெட்டிக்கு மேல என்ன எழுதியிருக்கெண்டு போனில படம் எடுத்து அனுப்புங்கோ. ஒண்டும் எழுதேல்லை எண்டால் அதையும் படம் எடுத்து அனுப்புங்கோ.